பிரவுசரில் கண்ணை உறுத்துவதை மறைப்பது: சேலத்து வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் அஞ்சு ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் பார்க்கும் சின்னக் கடை எங்களுடையது. விண்டோஸ் போடவும் கீபோர்டு மாற்றவும் வருகிறவர்கள் கிளம்பும்போது கடைசியாகக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "நியூஸ் படிக்கப் போனா பாதி ஸ்கிரீனை ஏதோ ஒண்ணு மறைக்குது, அதை எடுத்துவிட முடியுமா?" முடியும். அதற்கென்றே பிரவுசருக்கு ஆட்-ஆன்கள் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்கள்) இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் நின்றுகொண்டே சொன்னால் பாதி மறந்துபோகிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மறைப்பதும் தடுப்பதும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசம் புரிந்தால் கீழே உள்ளதில் பாதி தானாகவே புரியும்.

தடுப்பது என்றால், விளம்பரம் அனுப்பும் சர்வருக்கு உங்கள் பிரவுசர் போகவே போகாது. எதுவும் இறங்காது, டேட்டாவும் மிச்சம். மறைப்பது வேறு. பக்கம் முழுதாக உங்கள் கணினிக்கு வந்துவிடும். "இந்தப் பெட்டியை மட்டும் வரையாதே" என்று பிரவுசருக்கு ஒரு வரி உத்தரவு போகும். சிஎஸ்எஸ் தெரிந்தவர்களுக்கு: டிஸ்ப்ளே என்பதற்கு நன் என்று மதிப்புக் கொடுப்பது, அவ்வளவுதான். வீட்டில் பழைய டிவி மேல் துணி போட்டு மூடுகிற மாதிரி. டிவி அங்கேயேதான் இருக்கிறது.

அதனால், ஏற்காட்டில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது, பெட்டிகளை மறைத்துவிட்டால் பக்கம் வேகமாகத் திறக்கும் என்று நினைக்காதீர்கள். மறைத்த படமும் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். வேகம் வேண்டுமானால் தடுப்புப் பட்டியல்கள் ஓட வேண்டும். கீழே சொல்லப்போகும் யூபிளாக் ஆரிஜின் இரண்டையும் செய்கிறது.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் "பயணக் காப்பீடு சேர்க்கவும்" என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். எரிச்சலில் அந்தக் கட்டத்தையே மறைத்துவிட்டால் டிக் போய்விடுமா? போகாது. கண்ணுக்குத் தெரியாத டிக்கும் படிவத்தோடு சேர்ந்து போகும், காசும் சேர்ந்து போகும். டிக்கை எடுக்கத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது. பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கட்டத்தையும் மறைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

எந்த ஆட்-ஆன் போடுவது?

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தால் யூபிளாக் ஆரிஜின். கேள்வியே வேண்டாம். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் தொடங்கியது. இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை.

பெயரில் கவனமாக இருங்கள். "ஆரிஜின்" இல்லாத வெறும் "யூபிளாக்" என்று ஒன்று உண்டு, அது வேறு கைக்குப் போனது. 2018-இல் அதை ஆட்பிளாக் நிறுவனம் வாங்கியது. தேடுபொறியில் முதலில் வருவதைச் சொடுக்காமல் ஃபயர்ஃபாக்ஸின் ஆட்-ஆன் பக்கத்துக்கே போய்த் தேடுங்கள்.

குரோமில் நிலைமை மாறிவிட்டது. எக்ஸ்டென்ஷன்களுக்கான (குரோமில் ஆட்-ஆனுக்கு இதுதான் பெயர்) விதியை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் கூகுள் மாற்றியதால், 2024 கடைசியிலிருந்து பழைய யூபிளாக் ஆரிஜின் குரோமில் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கப்பட்டு, 2025-இல் ஓடாமலே போனது. "நேத்து வரை வேலை செஞ்சதே, வைரஸா?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. வைரஸ் இல்லை. அங்கே இப்போது யூபிளாக் ஆரிஜின் லைட் போடலாம். அதிலும் கையால் தேர்ந்து மறைக்கும் வசதி வந்துவிட்டது, ஆனால் பழையதன் முழு வலு கிடையாது. பிரேவ் என்ற பிரவுசர் வைத்திருந்தால் தனியாக எதுவும் வேண்டாம், வலது கிளிக் செய்தால் வரும் மெனுவிலேயே மறைக்கும் வசதி இருக்கிறது.

சரி, எப்படி மறைப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

மேட்டூர் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் வந்தால் சேலத்தில் டீக்கடை முதல் கலெக்டர் ஆபீஸ் வரை எல்லோரும் பார்க்கிற எண் அது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. இன்றைக்கு எத்தனை அடி, எத்தனை கன அடி வருகிறது என்று இரண்டே எண்கள்தான் நமக்கு வேண்டும். ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு பட்டை, ஓரத்தில் தானாக ஓடும் வீடியோ, நடுவில் "எங்கள் ஆப்பை இறக்குங்கள்", கீழே ராசிபலன்.

பிரவுசரின் மேல் மூலையில் யூபிளாக்கின் சிவப்புக் கேடயத்தைச் சொடுக்குங்கள். வரும் பெட்டியில் மின்னல் மாதிரி ஒரு குறி, சொட்டு மருந்து விடும் டிராப்பர் மாதிரி ஒரு குறி இருக்கும்.

மின்னல் தற்காலிகம். அதை அழுத்திவிட்டு வேண்டாத பெட்டி மேல் ஒரு கிளிக் செய்தால் போய்விடும், பக்கத்தை ரீலோட் செய்தால் திரும்ப வந்துவிடும். ஒரே நேரத்தில் பலவற்றை எடுக்க ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே கிளிக் செய்யலாம். எப்போதோ ஒரு முறை போகிற தளத்துக்கு இது போதும். கடையில் நான் பெரும்பாலும் மின்னலைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். யாருமே கேட்பதில்லை, எல்லோருக்கும் நிரந்தரமாகவே வேண்டும்.

டிராப்பர் நிரந்தரம். அதை அழுத்தியதும் பக்கம் மங்கும், மவுஸ் போகிற இடமெல்லாம் நிறம் மாறும். வேண்டாத பெட்டியைச் சொடுக்கினால் கீழ் மூலையில் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் இரண்டு ஸ்லைடர்கள். ஒன்று, எவ்வளவு பெரிய பகுதியைப் பிடிப்பது என்பதற்கு: படத்தை மட்டுமா, படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தையும் சேர்த்தா, அந்தப் பத்தி முழுவதுமா? மற்றொன்று, விதி (எதை மறைப்பது என்ற அந்த ஒரு வரி உத்தரவு) எவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு: இந்த ஒரு பெட்டி மட்டுமா, இதே வகைப் பெட்டிகள் எல்லாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். படத்தை மட்டும் மறைத்தால் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பள்ளம் நிற்கும், மேலே "விளம்பரம்" என்ற எழுத்து மட்டும் தொங்கும். ஸ்லைடரை ரொம்பத் தள்ளினால் செய்தியும் சேர்ந்து போய்விடும். ப்ரிவியூ பட்டனை அழுத்திப் பார்த்து, பக்கத்தை மேலும் கீழும் ஒரு முறை உருட்டிப் பார்த்து, நீர்மட்டம் இருக்கிறது, ராசிபலன் போய்விட்டது என்று உறுதியானதும் கிரியேட் அழுத்துங்கள். அடுத்த நாள் காலையிலும் அது வராது.

பாப்-அப்பை மறைத்தேன். இப்போது பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது.

பாப்-அப் வரும்போதே தளம் பக்கத்தைப் பூட்டிவிடும். பெட்டியை எடுத்தீர்கள், பூட்டை எடுக்கவில்லை. சில சமயம் பெட்டிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரையும் இருக்கும், அதையும் தனியாக எடுக்க வேண்டும்.

மின்னலால் எடுத்தால் பூட்டையும் சேர்த்துத் திறக்க அது முயற்சி செய்யும், பெரும்பாலும் திறந்துவிடும். நிரந்தர விதியில் அந்த வசதி இல்லை. பாடி என்ற பகுதியின் ஓவர்ஃப்ளோவை ஆட்டோ என்று மாற்றும் ஒரு ஸ்டைல் விதியைக் கையால் சேர்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் கவலை வேண்டாம். யூபிளாக் அமைப்புகளில் ஃபில்டர் லிஸ்ட் பகுதிக்குப் போய், அனாயன்சஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ளவற்றையும் குக்கி நோட்டீஸ் பட்டியலையும் டிக் செய்யுங்கள். இவை முதலில் அணைந்தே இருக்கும். இந்தத் தொல்லைக்கு ஏற்கெனவே யாரோ விதி எழுதி வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மறைத்தது ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டதே?

நீங்கள் உருவாக்கிய விதி உண்மையில் ஒரு முகவரி. "இந்தத் தளத்தில், இந்தப் பெயர் கொண்ட பெட்டி" என்பதுதான் அதன் பொருள். தளத்தின் பெயர், நடுவில் ## என்ற இரட்டைக் குறி, பிறகு பெட்டியின் அடையாளம். தளத்தை நடத்துகிறவர்கள் பெட்டியின் பெயரை மாற்றினால் உங்கள் விதிக்கு ஆள் கிடைக்காது. சில பெரிய தளங்களில் இந்தப் பெயர்களே அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக இருக்கும், தளத்தைப் புதுப்பிக்கும்போது மாறியும் போகும்.

அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பெட்டியின் பெயரை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் வாசகத்தைப் பிடிப்பது. ஹேஸ்-டெக்ஸ்ட் என்ற கட்டளை இதற்குத்தான் (விதியில் அதை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). அடைப்புக்குறிக்குள் "இதையும் படியுங்கள்" என்று தமிழிலேயே கொடுக்கலாம். அந்த வாசகம் உள்ள பெட்டி எந்தப் பெயரில் வந்தாலும் மறையும். தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. தளத்தின் வடிவத்தை மாற்றுகிறார்களே தவிர, "இதையும் படியுங்கள்" என்பதை அவ்வளவு சுலபமாக மாற்றுவதில்லை.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. "தொடர்புடைய செய்திகள்" என்று கொடுத்தால் சில தளங்களில் மறையாது. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கும். காரணம் "தொ". கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில், கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதை. "ஸ்ரீ" எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். நீங்களாக டைப் செய்யாமல், அந்தப் பக்கத்திலிருந்தே வாசகத்தை காப்பி செய்து விதியில் ஒட்டுங்கள். அல்லது வம்புக்குரிய எழுத்தைத் தவிர்த்து "புடைய செய்திகள்" என்று பாதியை மட்டும் கொடுங்கள். பாதி பொருந்தினாலே போதும்.

"அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று இடது மூலையில் வரும் பெட்டியை டிராப்பரால் பிடிக்க முடியவில்லை.

அது தளத்தின் பெட்டி இல்லை, பிரவுசருடையது. ஆட்-ஆனின் கை அங்கே எட்டாது. பிரவுசர் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் நோட்டிஃபிகேஷனைத் தேடி, புதிய தளங்கள் கேட்பதையே நிறுத்திவிடலாம். ஏற்கெனவே "அலவ்" கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலும் அங்கேயே இருக்கும், ஒவ்வொன்றாக நீக்குங்கள். "லேப்டாப்பில் அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை வருகிறது" என்று கடைக்கு வருகிற பல கேஸ்கள் உண்மையில் இதுதான். என்றோ தெரியாமல் அனுமதி கொடுத்த ஒரு தளம் மூலையில் பயமுறுத்திக்கொண்டிருக்கும்.

யூடியூபில் ஷார்ட்ஸ் வரிசையை எடுக்க முடியுமா? பையன் படிக்க உட்கார்ந்தால் அதிலேயே போய்விடுகிறான்.

முடியும். முகப்பில் வரும் ஷார்ட்ஸ் வரிசையை டிராப்பரால் பிடித்து, வரிசை முழுவதும் சிக்கும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். இடது பக்கம் உள்ள ஷார்ட்ஸ் பட்டனையும் அப்படியே. வீடியோவுக்குப் பக்கத்தில் வரும் பரிந்துரைகளையும் எடுத்துவிட்டால் பாட வீடியோ மட்டும் நிற்கும். ஆனால் அவன் போனில் யூடியூப் ஆப்பைத் திறந்தால் இது எதுவும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோவுக்கு நடுவே வரும் விளம்பரம் வேறு சங்கதி. அது பெட்டி இல்லை, வீடியோ. மறைத்தால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருப்பீர்கள்.

போனில்?

ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் யூபிளாக் ஆரிஜின் அதிலும் ஓடும். டிராப்பரும் உண்டு, விரலால் குறி வைப்பது கொஞ்சம் சிரமம். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஐபோனில் சஃபாரியிலேயே, ஐஓஎஸ் 18-இல் இருந்து, கவனத்தைக் கலைக்கும் பகுதிகளை மறைக்கும் வசதி இருக்கிறது. நிலையாக நிற்கும் பட்டைகளுக்கு நல்லது. நொடிக்கு நொடி மாறும் விளம்பரத்துக்கு உதவாது.

ஏற்காட்டில் ரூம் பார்க்கும்போது "இந்த அறையை இப்போது பலர் பார்க்கிறார்கள்", "கடைசி அறை" என்று பயமுறுத்துகிறதே, அதை மறைக்கலாமா?

தாராளமாக. மே மாதம் கோடை விழா சமயத்தில் உண்மையிலேயே ரூம் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் அதே பெட்டி அதே சிவப்பில் துடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? டிராப்பரை எடுங்கள். நேரம் ஓடுகிற கடிகாரம், இன்னார் இப்போதுதான் புக் செய்தார் என்று மூலையில் எட்டிப்பார்க்கும் பட்டை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விலையையும் இடத்தையும் நிதானமாகப் பாருங்கள். ஏரிக்குப் பக்கமா, பகோடா பாயிண்ட் பக்கமா என்பதுதான் முக்கியம், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது இல்லை.

இந்த மாதிரித் தந்திரங்களுக்கு நம் நாட்டில் விதியே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது இன்னொன்று. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. புகார் செய்வதாக இருந்தால் மறைப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி, சேவைக் கட்டணம், ரத்து விதி ஆகிய வரிகளை மட்டும் தொடாதீர்கள். சின்ன எழுத்தில் இருக்கிறது என்பதற்காக அது விளம்பரம் ஆகிவிடாது.

வேண்டிய பட்டனும் சேர்ந்து மறைந்துவிட்டது. எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

யூபிளாக் அமைப்புகளில் மை ஃபில்டர்ஸ் என்ற பக்கம் இருக்கிறது. நீங்கள் உருவாக்கிய விதிகள் எல்லாம் அங்கே வரிவரியாக நிற்கும். தளத்தின் பெயரைப் பார்த்து அந்த வரியை நீக்கிவிட்டு, அப்ளை கொடுங்கள். நீக்கத் தயக்கமாக இருந்தால் வரியின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி (!) போடுங்கள், விதி தூங்கும். எந்த வரி என்று தெரியாவிட்டால் கடைசி வரியில் ஆரம்பியுங்கள், புதியது கீழேதான் சேரும்.

வங்கி, பட்டா சிட்டா, தேர்வு விண்ணப்பப் பக்கங்களில் இதை ஓடவிடலாமா?

அணைத்துவிடுங்கள். கேடயத்தைச் சொடுக்கினால் வரும் பெரிய பவர் பட்டன் அந்தத் தளத்துக்கு மட்டும் ஆட்-ஆனை நிறுத்தும், அதை நினைவிலும் வைத்திருக்கும். ஓடிபி கேட்கும் பெட்டியும் ஒரு பாப்-அப்தான். ஏதோ ஒரு விதி அதையும் மறைத்துவிட்டால், கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு விண்ணப்பம் அனுப்புகிறவருக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

பல கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திரும்பச் செய்ய வேண்டுமா?

மை ஃபில்டர்ஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் விதிகள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரும். மற்ற கம்ப்யூட்டரில் இம்போர்ட். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், வெள்ளி விலை பார்க்கும் தளத்துக்கு மட்டும் விதிகள் எழுதி கடையின் எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் கொண்டுபோனார். பிரைவேட் விண்டோவில் ஓடவில்லை என்றால், அதற்கு ஆட்-ஆன் பக்கத்தில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

"எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். பக்கத்தில் உள்ளதைப் படிக்காமல் அதில் ஒன்றை மறைக்க முடியாது, அதனால் கேட்கிறது. அதே அனுமதியை வைத்துக்கொண்டு கெட்டவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. பக்கங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலிஷ் என்ற ஆட்-ஆன், பயனர்கள் எந்தெந்தத் தளம் போனார்கள் என்ற விவரத்தைச் சேகரித்தது 2018-இல் வெளியே வந்து, ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அதை எடுத்தன. 2020-இல் நானோ ஆட்பிளாக்கர் புதிய ஆட்களுக்கு விற்கப்பட்டதும் அதில் கெட்ட நிரல் புகுந்தது. இரண்டிலும் நல்ல பெயர் எடுத்த ஆட்-ஆன் கைமாறிய பிறகுதான் கெட்டது. ஆகவே இந்த வேலைக்கு ஓர் ஆட்-ஆன் போதும். ஐந்து போட்டு வைத்திருக்கிறவர்கள் நான்கை இன்றே நீக்கலாம்.

எல்லோரும் விளம்பரத்தை மறைத்தால் செய்தித் தளங்கள் எப்படிப் பிழைக்கும்?

நேர்மையான கேள்வி. நான் செய்வது இது: தினமும் படிக்கிற, நம்ம மாவட்டச் செய்தியை ஒழுங்காகக் கொடுக்கிற ஒன்றிரண்டு தளங்களுக்கு பவர் பட்டனை அணைத்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் நிற்கும் ஜவுளிக்கடை விளம்பரம் என்னை ஒன்றும் செய்யவில்லை. படிக்கிற வரியின் மேல் ஏறி உட்காருகிற, மூடும் பட்டனை ஒளித்துவைக்கிற, சத்தம் போடுகிற பெட்டியை மட்டும் கையால் மறைக்கிறேன். அது வேண்டாம், எல்லாமே போகட்டும் என்று நினைக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

ஒரே ஒரு கட்டுரை படிக்க இவ்வளவு வேலை வேண்டுமா?

வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையின் ஓரத்தில் தாள் மாதிரி ஒரு குறி வரும். அதையோ விண்டோஸில் எஃப்9 கீயையோ அழுத்தினால் எழுத்தும் முக்கியப் படங்களும் மட்டும் நிற்கும், எழுத்தைப் பெரிதாக்கவும் முடியும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பல பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.